காலருக்குள் ஒரு சிவப்புத் தையல்

பிரேசிலின் கடலோர நகரமான அரக்காஜுவில் சுல்மீரா துணி வெளுப்பவள். துணி மாறிவிடாமலிருக்க, வீட்டுக்கு வீடு வேறு அடையாளமாகக் காலருக்குள் சிவப்பு நூலால் தைத்து வைப்பாள்.

மூன்று வருஷமாக ஐரோப்பாவில் சண்டை. பிரேசில் ஒதுங்கியே இருந்தது. "எவனோ அடிச்சுக்கிறான், நமக்கென்ன?" என்பாள் அவளும்.

1942 ஆகஸ்டில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று பிரேசிலின் பயணிகள் கப்பல்களை மூழ்கடித்தது. கரையொதுங்கிய பிணங்களை முகம் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. சுல்மீராதான் அவர்கள் உடுத்தியிருந்த துணிகளை உப்புப் போக அலசிக் கொடியில் போட்டாள். காலர் தையலைப் பார்த்து உறவுக்காரர்கள் கதறினார்கள். ஒரு குழந்தையின் கவுனைத் தேடி மட்டும் யாரும் வரவில்லை.

ஊரே தெருவில் திரண்டது. "இன்னும் என்னய்யா வேடிக்கை? சண்டைக்குக் கிளம்புங்க!" அந்தக் கவுனைத் தூக்கிப் பிடித்து, எல்லோரையும்விட உரக்கக் கத்தியவள் சுல்மீராதான். அந்த வாரமே அரசாங்கம் போரில் இறங்கியது.

இரண்டு வருஷம் கழித்து அவள் மகன் டியோடாட்டுவை இத்தாலிக்கு அனுப்பினார்கள். அவன் பட்டாளத்துச் சட்டையின் காலரிலும் நூலை ஓட்டினாள்.

"அம்மா, அதான் நம்பர் குடுத்திருக்காங்களே!"

"நம்பரா உன்னைப் பெத்துச்சு? சும்மா நில்லுடா."

அடுத்த வருஷம் ஓர் அதிகாரி பொட்டலத்தோடு வந்து, அதிலிருந்த சட்டையை அவள் கையில் கொடுத்து, "நம்பர் தகடு கிடைக்கலை, உங்க மகனோடதுதானான்னு பாருங்கம்மா" என்றார்.

சுல்மீரா காலரைத் திருப்பவேயில்லை. "என் பிள்ளையோடது இல்லீங்க, கொண்டுபோங்க" என்றாள். சட்டையை மட்டும் விடவில்லை.