ஆயிரம் தொடுப்பு

ஆயிரம் பேர் சிபாரிசு செய்தால் தேடுபொறியே எழுந்து நின்று வணக்கம் போடும் என்று நம்பினேன். தாலுகா ஆபீசில் ஒரு சான்றிதழ் வாங்கவே தெரிந்தவருக்குத் தெரிந்தவரைப் பிடித்துப் பழகிய ஆள் நான். கம்ப்யூட்டருக்கும் அதே வழிதான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

திண்டிவனத்தில் எனக்கு மரச்செக்கு இருக்கிறது. ஆட்டுகிற எண்ணெயில் பாதி, இணையதளத்தைப் பார்த்துக் கூப்பிடுகிற சென்னைக்காரர்களுக்குப் பார்சலில் போகும். தீபாவளிக்கு ஒன்றரை மாதம் இருக்கும்போது போன் ஊமையாகிவிட்டது. அன்று பார்த்து விழுப்புரத்திலிருந்து சகலை கூப்பிட்டார். அவரும் போன வருடம் செக்கு போட்டவர்.

"இன்னா சகல, நெட்டுல தேடினா நான்தான் மொதல்ல வர்றேன். உன்னைக் காணோமே, கடைய மூட்டியா?"

தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் இல்லை. இரண்டாம் பக்கத்திலும் இல்லை. செக்கு ஓடாமல், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டைகள் மீது பூனை குட்டி போடும் காட்சி கண்ணில் ஓடியது. அதே மதியம் முன்பின் தெரியாத ஒருவரிடம் ஆயிரம் லிங்க் வாங்கினேன். ஆயிரம் தளங்களில் நம் கடையைச் சுட்டிக் காட்டுவார்களாம். ஒரே வாரத்தில் முதல் பக்கமாம்.

அந்த மனிதருக்குத் தமிழ்ப்பற்று அதிகம். வேலை முடிந்ததும் கடை போனுக்குச் செய்தி அனுப்பினார்: 'ஐயா, தங்களுக்கு ஆயிரம் தொடுப்புகள் ஏற்பாடு செய்துவிட்டோம். வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளவும்.'

கடை போன் என் மனைவியிடம் இருக்கும். எங்கள் பக்கம் ஒருவனுக்குத் தொடுப்பு இருக்கிறது என்றால், அவன் தெருவில் போகும்போது பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள்.

அவள் செக்குக்கே வந்துவிட்டாள். "ஒன்னுக்கே வக்கில்லாத மூஞ்சி, ஆயிரமாம்! எங்கங்க வச்சிக்கினு இருக்கீங்க?"

"ஐயோ, அது லிங்க்குடி! நம்ம எண்ணெய் நல்லாருக்குன்னு ஆயிரம் எடத்துல சொல்றாங்க."

"அதுல ஒருத்தராவது வாங்கித் தாளிச்சுப் பாத்தாங்களா?"

அந்தச் செய்தியோடு வந்திருந்த பட்டியலை அவளே திறந்தாள். முதல் தளம் ஏதோ நாட்டில் நாய்க்கு முடி வெட்டுகிறவருடையது. அடுத்தது சூதாட்டம். மூன்றாவது பல் வெளுக்கும் பசை.

"நல்லா தேடிப் புடிச்சீங்க. நாய் சொல்லி நம்ம எண்ணெய வாங்குவாங்களா?"

நான்கு நாள் கழித்து இரண்டாம் பக்கத்தில் வந்தோம். தெருவில் கை வீசி நடந்தேன். அடுத்த வாரம் பத்துப் பக்கம் தள்ளியும் எங்களைக் காணோம். லிங்க்காரரைக் கூப்பிட்டேன். "சகஜம் சார். இன்னும் ரெண்டாயிரம் போட்டாதான் நிக்கும்" என்றார். மனைவி போனைப் பிடுங்கினாள்.

"வேணாங்க. இருக்கிற ஆயிரத்தையே எங்களால கட்டி மேய்க்க முடியல."

தளத்தை அமைத்துக் கொடுத்த புதுச்சேரிக்காரரிடம் பயந்து பயந்து விஷயத்தைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. அதுதான் வலித்தது. "விலைக்கு வாங்கின லிங்க்குன்னு தெரிஞ்சா கணக்குலயே எடுத்துக்காதுங்க. சில நேரம் கீழயும் தள்ளிடும். மொதல்ல அதையெல்லாம் கழட்டச் சொல்லுங்க" என்றார். நாய்க்கு முடி வெட்டுகிறவருக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் ஒரு கடிதம் போட்டேன். பதிலே இல்லை.

வெட்கத்தை விட்டுச் சகலையிடமே கேட்டேன். "நீ எத்தனை லிங்க் வாங்கின சகல?"

"லிங்க்கா? அது இன்னா எண்ணெய்?"

எண்ணெயில் ஏன் கசடு படிகிறது, குளிரில் ஏன் உறைகிறது என்று வாடிக்கையாளர் கேட்பதற்கெல்லாம் தன் தளத்தில் பதில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தாராம் மனிதர். அவ்வளவுதான்.

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தபோது, மனைவி பழைய பார்சல் ரசீதுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு நம்பராகக் கூப்பிட்டாள். அந்த வருடத் தீபாவளி எண்ணெய் முழுக்க அப்படித்தான் விற்றது. இணையதளம் எட்டு மாதம் கழித்து மூன்றாம் பக்கத்துக்கு வந்தது. இன்னும் அங்கேதான் இருக்கிறது.