மோப்பக்காவின் கை

பல்கலைக்கழகப் பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் புழு வளர்ப்பு அறைக்குள் நுழைய, பெயருக்குப் பின்னால் பட்டம் இருந்தால் போதாது. வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்ட வேண்டும். புழுக்களை வளர்க்கும் அக்கா முகர்ந்து பார்ப்பார். பவுடர், சென்ட், கொசு கிரீம் என்று எதன் வாடை வந்தாலும் நேரே குழாயடிதான். பேராசிரியருக்கும் அதே சட்டம். ஒருநாள் முகச்சவரம் செய்த கையோடு வந்தவர் மூன்று தடவை கழுவியும் உள்ளே விடப்படாமல் திரும்பினார். அன்றிலிருந்து எல்லோருக்கும் அக்கா மோப்பக்காதான். அவருக்கும் அதில் பெருமை. பத்தொன்பது வருடத்தில் தன் கைபட்டு ஒரு புழுகூட அநியாயமாகச் செத்ததில்லை என்று தானே சொல்லிக்கொள்வார். சும்மா சொல்லக்கூடாது, அது உண்மைதான்.

அந்த வாரம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி துள்ளிக் குதித்துக்கொண்டு வந்தாள். ஒரு களைச்செடியின் சாற்றை முட்டைக்கோஸ் இலையில் தடவி, புழுக்களுக்குக் கொடுத்துப் பார்ப்பது அவள் வேலை. மூன்று வருடமாக ஒன்றும் தேறவில்லை. இப்போது சாறு தின்ற நூறு புழுவில் தொண்ணூற்றிரண்டு காலி. வெறும் தண்ணீர் தடவிய இலையைத் தின்ற நூறும் கொழுகொழுவென்று இருந்தன.

"திங்கட்கிழமை அறிக்கையை அனுப்பிடலாம்னு சார் சொல்லிட்டாருக்கா!"

அக்கா பெட்டியைத் திறந்து பார்த்தார். சாறு ஒத்துக்கொள்ளாத புழு தின்னாமல் சுருங்கிச் சாகும். இவை உடம்பை முறுக்கிக்கொண்டு, வாயில் பச்சை நீர் வழியச் செத்திருந்தன. பூச்சிமருந்து பட்டால்தான் இப்படிச் சாகும்.

யார் கொண்டுவந்தது? யோசித்தபோது ஆள் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை மாணவிக்குக் காய்ச்சல். சாறு தடவிய இலைகளைப் பெட்டியில் வைத்தது அக்கா. தண்ணீர் இலைகளை மறுநாள் வைத்தது மாணவி. அதே செவ்வாய்க்கிழமை காலையில் கணவர் தங்கள் நாயின் கழுத்தில் உண்ணிமருந்து விட்டபோது, அது திமிறாமல் பிடித்துக்கொண்டதும் அக்காதான். சோப்புப் போட்டுக் கை கழுவி, முகர்ந்தும் பார்த்தார். அந்த மருந்துக்கு வாடையே கிடையாது. நல்லவேளை, அன்று மற்ற புழுக்களுக்கு இலை மாற்றும் நாள் இல்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தவர் மூக்கை நம்பிக் கெட்டார்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. அக்காவுக்கு அது வராது. சனிக்கிழமை நாயின் கழுத்தைத் தடவிவிட்டு, முன்போலவே சோப்புப் போட்டுக் கழுவி, வளர்ப்பு அறைக்குள் போகாமல் வராந்தாவிலேயே இருபது புழுவுக்கு வெறும் இலை வைத்தார். திங்கட்கிழமை பதினெட்டு முறுக்கிக்கொண்டு கிடந்தன. பெட்டியைப் பேராசிரியர் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னார். மாணவியும் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"இதுல சாறே இல்ல சார். எல்லாம் என் கைதான் கொன்னது."

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க சொல்லலைன்னா எனக்கே தெரிஞ்சிருக்காதேம்மா."

"நாளைக்கு ஒருத்தர் இந்தச் சாறைத் தோட்டத்துல அடிச்சுட்டு, புழு சாகலையேன்னு வந்து நிப்பாரு. அப்ப என்ன சார் பதில் சொல்வீங்க?"

மாணவியின் கண் நிறைந்துவிட்டது. எழுந்து வெளியே போனாள். அக்காவுக்கு மனசு பிசைந்தது. ஆனாலும் தலை குனியவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். சறுக்கினால் எழுந்து நிற்க வேண்டியதுதானே? அன்றே கதவில் ஒரு தாளை ஒட்டினார்: 'மருந்து போட்ட நாயையோ பூனையையோ தொட்டவர்கள் மூன்று நாள் உள்ளே வரக்கூடாது.' ஒட்டிவிட்டு முதல் ஆளாகத் தானே வெளியே நின்றார். மூன்று நாளும் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு வெளியிலிருந்தே கையை ஆட்டி ஆட்டி, இன்னின்ன பெட்டிக்கு இலை மாற்று என்று மாணவியை வேலை வாங்கினார். அவள் செய்தாள், முகம் கொடுத்துப் பேசவில்லை.

நான்காம் நாள் காலை அக்கா வந்தபோது வாசலை மறித்துக்கொண்டு மாணவி நின்றாள்.

"கையை நீட்டுங்கக்கா."

பத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அக்கா கையை நீட்டினார். மாணவி முகர்ந்து பார்த்தாள். பிறகு, "நாயைத் தொட்டீங்களா?" என்றாள்.

"தொடலம்மா. பாவம், வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னாடியே வருது."

மாணவி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வழிவிட்டாள். உள்ளே மேசையில் இருநூறு புதுப் புழுக்களும், சாறும், தண்ணீரும் தயாராக இருந்தன.

"இந்தத் தடவை சாறு இலை, தண்ணி இலை ரெண்டையும் ரெண்டு பேரும் சேர்ந்தே வைப்போம்கா," என்று ஒரு தூரிகையை அக்காவின் கையில் கொடுத்தாள்.