ரோலர் நிற்கிறதா, காத்திருக்கிறதா?

பிரிஞ்சாங் ஊருக்கு மேலே மலையில் இருக்கும் எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் நான் வயர்மேன். கொழுந்தை உருட்டிச் சுருட்டும் புது ரோலர் வந்த நான்காம் நாள், அதில் வேலை செய்யும் லெட்சுமி அக்கா மூடியைத் தூக்கி, சிக்கிய கொழுந்தை எடுக்கக் கையை விட்டார். ரோலர் நின்றுதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. திடீரென்று சுற்ற ஆரம்பித்தது. ஸ்வெட்டரோடு கை உள்ளே போனது.

"சூசை!" என்று அலறினார். மெயின் சுவிட்சை அணைத்தேன். முழங்கை வரை தோல் உரிந்திருந்தது. விரல்கள் தப்பின.

அது ஸ்மார்ட் ரோலராம். கொழுந்து சூடேறினால் தானாக நிற்கும், ஆறியதும் தானாக ஓடும். நின்றாலும் காத்திருந்தாலும் அதே பச்சை விளக்குதான்.

மெயின் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டேன். மேனேஜர் துரை ஓடி வந்தார்.

"தொறந்து விடுலா சூசை. கொழுந்து கெட்டுப்போகுது."

"முடியாது தொரை. அது எப்ப ஓடும்னு யாருக்குமே தெரியல."

"ஸ்கிரீன்ல காட்டுதே!"

"ஸ்கிரீன் செவுத்துல இருக்கு. அக்கா கை இங்க இருந்துச்சு."

மறுநாள் கோலாலம்பூரிலிருந்து ரோலர் கம்பெனி இன்ஜினியர் வந்தார். "இவங்களுக்கு டிரெய்னிங் பத்தல" என்றார்.

கையில் கட்டோடு வந்திருந்த லெட்சுமி அக்கா விடவில்லை. "இருவது வருசமா ரோலர்ல நிக்கிறேன் தம்பி. நின்ன மிஷின் நின்னதுதான். ஒங்க மிஷின்தான் பொய் சொல்லிச்சு."

இன்ஜினியரை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, பூட்டைத் திறந்து, கொழுந்து போடாமல் ரோலரை ஓட்டி நிறுத்தினேன். ஸ்கிரீன் மேல் ஒரு சாக்கைப் போட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"சார், இப்ப கை விடலாமா?"

ரோலரின் நிலையைப் பார்க்க அவர் போனை எடுத்தார்.

"போன் வேணாம் சார். மிஷினப் பாத்துச் சொல்லுங்க."

பச்சை விளக்கையே வெகுநேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு ஓரடி தள்ளி நின்றார்.

அதற்குப் பிறகுதான் ரோலரை மாற்றியமைக்கும் வேலை நடந்தது. இப்போது காத்திருக்கும்போது மஞ்சள் விளக்கு சுழலும். ஓடும் முன் மணி அடிக்கும். மூடியைத் தூக்கினால் ரோலருக்குக் கரண்டே வராது. அக்கா ஒரு குச்சியால் எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து, "ம், ஓட்டு" என்று சொன்ன பிறகே ஓட்டினேன்.

அனுமதியில்லாமல் வேலையை நிறுத்தியதற்கு எனக்கு வார்னிங் லெட்டர் வந்தது. தவறை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடச் சொன்னார் துரை.

"நிறுத்துனது நான்தான் தொரை. தப்புன்னு சொல்ல மாட்டேன்."

இன்றுவரை அதில் கையெழுத்து இல்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். மிஷின் எவ்வளவு புத்திசாலியாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அடுத்து அது என்ன செய்யப்போகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குப் பார்த்ததும் புரிய வேண்டும். புரியாத மிஷினுக்குக் கரண்ட் கொடுக்காதீர்கள், யார் சொன்னாலும்.