ஏன் என்று எழுதக் கூடாத பரீட்சை

திருப்பதியில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருந்துகொண்டே, வெளிநாடு போவதற்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படித்தேன். பேசுவது, கேட்பது, வாசிப்பது எல்லாம் தேறிவிடும். எழுத்தில் மட்டும் அரை மதிப்பெண் குறைந்து இரண்டு முறை மண்ணைக் கவ்வினேன். எல்லாம் அந்தப் பாழாய்ப்போன வரைபடத்தால்தான். ஒரு கோடு ஏறும், ஒரு கோடு இறங்கும். அதைப் பார்த்து எழுத வேண்டும். இன்னொரு முறை தவறினால் லண்டன் வேலை கையை விட்டுப் போய்விடும்.

காரணம் கேட்பது என் வியாதி. ஏதோ ஒரு நாட்டில் மீன் சாப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள் என்றால், ஏனாம்? விலை ஏறிவிட்டதா? பிள்ளைகளுக்கு முள் எடுத்துத் தர வீட்டில் ஆளில்லையா? நானே ஒரு காரணத்தை எழுதிவிடுவேன். பயிற்சி வகுப்பு சார் அதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, "எந்துக்கு அனி ராயொத்தம்மா, எந்த அனி ராய்!" என்று தலையில் கை வைத்துக்கொள்வார். அதாவது, ஏன் என்று எழுதாதே, எவ்வளவு என்று எழுது. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜுரம் ஏறுகிறது என்று சார்ட்டில் குறித்துவிட்டு, ஏன் என்று பார்க்காமல் போகிற நர்ஸை யாராவது வேலைக்கு வைப்பார்களா?

லீவில் பலமனேர் பக்கம் எங்கள் ஊருக்குப் போனபோது, தக்காளிக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்த அப்பாவிடம் அந்த மீன் வரைபடத்தைக் காட்டினேன். நைனா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

"ஏம்மா மீன் துன்றத வுட்டுட்டாங்க?"

"அத எழுதக் கூடாது நைனா. கொறஞ்சிகினே போச்சின்னு மட்டும் எழுதணும்."

"தக்காளி வெல வுழுந்துச்சின்னா, ஏன்னு கேக்காத போறவன் மனுசனா? இது என்னா பரீட்சயோ!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வியாதி எங்கிருந்து ஒட்டியது என்று தெரிந்துபோயிற்று.

மூன்றாவது முறை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கேள்வியைப் பார்த்தால், வெளிநாட்டு மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்கள், நாடுவாரியாக. இந்தியாவின் கோடு விறுவிறுவென்று மேலே போயிருந்தது. அடக் கடவுளே! இது ஏன் ஏறியது என்று என்னைக் கேளுங்கள், நான் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி சம்பளம், தங்கையின் படிப்பு, வற்றிக்கொண்டே வரும் போர்வெல் என்று காரணங்கள் வரிசையாக வந்து நின்றன. ஒன்றையும் எழுதவில்லை. முதலில் சீராக உயர்ந்தது, பின்னர் வேகமாக உயர்ந்தது என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

தேறிவிட்டேன். ஊருக்கு போன் போட்டேன். நைனாவுக்குத் தலைகால் புரியவில்லை. இந்தத் தடவை என்ன படம் வந்தது என்று ஆசையாகக் கேட்டார். சொன்னேன்.

"போறவங்கள எண்றதுக்குக் கோடு போட்டாங்களே, திரும்பி வர்றவங்களுக்கும் ஒரு கோடு இருந்திச்சாம்மா?"

"இல்ல நைனா" என்றேன்.