ரோஸியின் தலையைக் கட்டவிடாத லீலா மேடம்

லீலா மேடம் இறந்துவிட்டார் என்ற செய்தி பாஷாவின் போனில் வந்தது. அவனும் நானும் ஒரே லாயத்தில் குதிரை பார்த்தவர்கள். "முனுசாமி, நம்ம மேடம் பூட்டாங்கடா" என்றான். போனை வைத்துவிட்டான். அவரிடம் சவாரி கற்றவர்களும் எங்களோடு வேலை செய்தவர்களும் படிக்கட்டும் என்று இதை எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், மன்னிக்க வேண்டும். மர்பி டவுன் மாலை வகுப்பில் இந்த வயதில் எழுதக் கற்றவன் நான். ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் 'லீலா' என்று என் கையாலேயே எழுத முடிகிறதே! எழுதிவிட்டு இரண்டு முறை படித்துப் பார்த்தேன்.

இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் அவரைப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டு, "கொஞ்சம் பிடிவாதக்காரர், வளைந்து கொடுத்திருந்தால் எத்தனையோ கோப்பை வாங்கியிருப்பார்" என்று முடித்தார்கள். நான் எழுந்தேன். "கோப்பை வாங்கின குதிரைங்க எல்லாம் எத்தன வருஷம் நொண்டாம நடந்துதுங்க?" என்று கேட்டேன். மேடையில் ஒருவர் மைக்கைச் சரிசெய்தார். அதனால் நானே சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவர் எங்கள் சவாரிப் பள்ளிக்கு டிரெஸ்ஸாஜ் கற்றுக்கொடுக்க வந்தார். சவாரி செய்பவரின் சின்னச் சைகைக்கு, குதிரை நடையை மாற்றி, வட்டம் போட்டு, நின்று காட்டும் வித்தை அது. ரேஸ் கோர்ஸிலிருந்து வந்த ரோஸி என்ற பெண்குதிரையைப் பார்த்து, "இவளுக்கு இன்னும் கலெக்ஷன் வரல" என்றார். பாஷா என் பக்கம் குனிந்து, "ரேஸ விட்டே வந்துட்டா, இன்னுமா கலெக்ஷன் கேக்குறாங்க?" என்றான். கண்டக்டர் பையில் சேரும் கலெக்ஷன்தான் எங்களுக்குத் தெரியும். மேடத்தின் காதில் அது விழுந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபின் சொன்னார்: "பின்னங்கால்ல பாரத்த வாங்கிக்கிட்டு முன்பக்கத்த லேசாக்கிக்கிறதுக்குப் பேருதான்பா கலெக்ஷன். அதுக்கு இடுப்புல பலம் வரணும். பலம் வந்தா கழுத்து தானா வளையும்."

பள்ளியின் செயலாளருக்கு இதன் கடைசிப் பாதி மட்டும் போதுமானதாக இருந்தது. கழுத்து வளைந்தால் கலெக்ஷன் வந்துவிட்டது என்பது அவர் கணக்கு. போட்டி நெருங்கியதும் வேறொரு பயிற்சியாளரை அழைத்து வந்தார். அந்த ஆள் ரோஸியின் கடிவாளத்திலிருந்து சேணத்துக்கு ஒரு வாரைப் போட்டு, தாடை நெஞ்சில் முட்டும்வரை இழுத்துக் கட்டினார். "நமஸ்காரம் பண்ற மாதிரியே இருக்குது, நோடி, பாருங்க!" என்று கன்னடம் கலந்து சொல்லி செயலாளர் கைதட்டினார். சில வாரங்களில் ரோஸி முதுகைத் தொடவிடவில்லை. தீவனத்தைப் பாதியில் விட்டாள். பிறகு பின்னங்குளம்பின் நுனியை மண்ணில் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மேடம் ரோஸியை ஆபீஸ் வாசலுக்கே கொண்டுவரச் சொன்னார். செயலாளர் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"தாடைய நெஞ்சுல ஒட்ட வெச்சுக்குங்க சார். அப்படியே டீயக் குடிங்க."

"ஏன் மேடம், சும்னே தமாஷ் பண்றீங்க?"

"ஒரே வாய் சார்."

அவர் முயன்றார். டீ சட்டையில் கொட்டியது.

"சரி, அப்படியே மாடிப்படி ஏறுங்க. மூச்சு சரியா வருதா? எதிர்ல இருக்கிறது தெரியுதா? இவ முதுகுல ஆளையும் சுமந்துக்கிட்டு இதத்தான் தினம் செய்யறா. முதுகு புடிச்சிக்கும், அப்புறம் கால் போகும். போயிட்டிருக்கு, பாருங்க."

செயலாளர் சட்டையைத் துடைத்தபடி, "போட்டி முடியட்டும். அப்புறம் வண்டிக்காரனுக்குக் குடுத்துடலாம்" என்றார்.

போட்டி நாள் காலையில் மேடம் ரோஸியின் லாயக் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். "இவ இன்னிக்கு வெளிய வரமாட்டா."

"அப்போ உங்க வேலை?"

"அது வேணும்னா வெளிய போகட்டும்."

போனது. நொண்டியென்று தள்ளிவிட இருந்த ரோஸியை அவரே வாங்கி, சந்தாபுராவில் ஒரு தோப்புக்குக் கொண்டுபோனார். நானும் பாஷாவும் கூடவே போனோம். யாரும் எங்களைக் கூப்பிடவில்லை.

அங்கே ரோஸிக்கு முதலில் ஓய்வுதான். பிறகு கையில் பிடித்து நடத்தினோம், மேடான பாதையில் மெதுவாக. மேடம் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் கழுத்தை முன்னால் நீட்டி, தாழ்த்திக்கொள்ள விட்டார். கொஞ்சம் வேலை, உடனே கடிவாளம் தளர்ந்துவிடும். வழியில் போகிறவர்கள், "ஏம்மா, குதிரைய மேய்க்கவா வெச்சிருக்கீங்க?" என்று கேலி செய்வார்கள். "ஆமாங்க, புல்லு நல்லா இருக்கு, நீங்களும் வாங்க" என்பார். அடுத்த மழைக்காலம் முடிந்து ஒரு காலையில், யாரும் இழுக்காமலே ரோஸியின் இடுப்பு தாழ்ந்தது, முன்பக்கம் எழும்பியது, கழுத்து வில்லாக வளைந்தது. "கலெக்ஷன் வந்துடுச்சு மேடம்!" என்று பாஷா கத்தினான். மேடம் உடனே கீழே இறங்கிவிட்டார். "போதும். இன்னிக்கு இவ்வளவுதான். நல்லா செஞ்சவள இன்னும் செய்யின்னு கசக்கக் கூடாது." ரோஸி கிழவியாகித்தான் செத்தாள். சாகும்வரை நொண்டவில்லை. இதற்குப் பெயர் பிடிவாதம் என்றால், அந்தப் பிடிவாதம் இன்னும் நாலு பேருக்கு இருந்திருக்கலாம்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது ஒரு பழக்கம். எந்தக் குதிரையைக் கடந்தாலும் அதன் வாயைச் சேர்த்துக் கட்டும் மூக்குப்பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைத்துப் பார்ப்பார். நுழையாவிட்டால் தளர்த்திவிட்டு நடப்பார். இரங்கல் கூட்டம் முடிந்து திரும்பும்போது ஜீவனஹள்ளியில் ஒரு கல்யாண ஊர்வலம். மாப்பிள்ளை வெள்ளைக் குதிரைமேல் இருந்தார். நான் போய் விரலை விட்டேன். ஒன்றுகூட நுழையவில்லை. கொக்கியை அவிழ்த்தேன்.

"யோவ் தாத்தா, தள்ளு! மேல மாப்பிள்ள இருக்காரு!" என்றார் குதிரைக்காரர்.

"இருக்கட்டும்பா. அவரு டை இப்படி இறுகியிருந்தா விடுவியா?"

பேண்டு வாத்தியம் நின்றது. மாப்பிள்ளை தன் டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பட்டை தளர்ந்ததும் குதிரை நாக்கைச் சுழற்றி, தலையை உதறி, என் வெள்ளைச் சட்டை முழுவதும் நுரையை அடித்தது. பட்டை இருந்த இடத்தில் தோல் உரிந்திருந்தது. குதிரைக்காரரின் வீடு எங்கே என்று கேட்டு வைத்துக்கொண்டேன்.

"அடுத்த வாரம் வருவேன்" என்றேன்.

"வந்து என்ன பண்ணுவ?"

"விரல் விட்டுப் பாப்பேன்."

போகத்தான் போகிறேன். நுழைந்ததா இல்லையா என்று உங்களுக்கும் எழுதுகிறேன்.