கதவுக்குப் பின்னால் கூவும் டில்லிபாபு

உள் அறையிலிருந்து சேவல் கூவுகிறது. கூவி முடித்ததும் இருமுகிறது. கூடத்தில் டி.வி. ஸ்டாண்டின் மேல் நிற்கும் நிஜச் சேவல் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, இறங்கி வந்து தட்டிலிருக்கும் கம்பைக் கொத்துகிறது. உள்ளே கூவியவர் டில்லிபாபு. காசிமேட்டில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுப்பவர்.

சேவலின் பெயர் சாரங்கு. படகை நடத்திப் போகிற தலைவனைத் துறைமுகத்தில் அப்படிச் சொல்வதுண்டு. குஞ்சாக இருந்தபோதே ஐஸ் பெட்டி மேல் ஏறி நின்று எல்லாரையும் அதட்டியதாம். அன்றுமுதல் அவர் சைக்கிள் ஹேண்டில்பாரில்தான் அதற்கு இடம். அவர் கூவாமல் ஒரு மணி தானியம் தொடாது.

இப்போது இருவருக்கும் நடுவே ஒரு கதவு. காரணம், டில்லிபாபுவின் ஈரலில் வளர்ந்த புற்றுக்கட்டி. எந்த மருந்துக்கும் அது மசியாமல்போகவே, பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் ஆராய்ச்சி ஊசி போடுகிறார்கள். ஊசியில் இருப்பது கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் வைரஸ். மனிதரை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்குள் பன்றியின் மரபணு ஒன்றை வைத்து அனுப்புகிறார்கள். வைரஸ் நுழைந்த புற்றுச் செல் பன்றிச் செல்லாக வேஷம் கட்டிக்கொள்கிறது. உடம்பு அதை அந்நியன் என்று கண்டு அடித்துக் கொல்கிறது.

டாக்டர் படம் போட்டு விளக்கியதை டில்லிபாபு கதவுக்குப் பின்னாலிருந்து, நலம் விசாரிக்கப் போன எனக்குச் சொன்ன விதம் வேறு. "வேற ஊரு லாஞ்சு படகு நம்ம ஏலத்துல பூந்தா சும்மா உடுவமா சார்? கேன்சரு நம்ம ஆளு மாரியே குந்திகினு இருந்திச்சி. இப்போ அதுக்கு பன்னி சட்டைய மாட்டி உட்டாங்கோ. ஒடம்பு பாத்துட்ச்சி. செம அடி."

அன்றிலிருந்து கோழிக்கறியையும் விட்டுவிட்டார். உள்ளே தனக்காக உழைப்பதே கோழிச் சீக்குதான், வெளியே கோழியைத் தின்றால் அதற்கு என்ன மரியாதை என்பது அவர் வாதம்.

ஸ்கேனில் கட்டி சுருங்கத் தொடங்கியிருக்கிறது. ஆனால் ஊசிகள் முடியும்வரை எந்தப் பறவையின் பக்கமும் போகக் கூடாது. அவர் மூச்சிலிருக்கும் வைரஸே சாரங்கைக் கொன்றுவிடலாம். மீறினால் சிகிச்சையை நிறுத்திவிடுவார்கள்.

சாரங்குக்கு இது எங்கே புரியும்? நேற்று காற்றில் கதவு திறந்துகொள்ள, அறைக்குள் பாய்ந்துவிட்டது. டில்லிபாபு லுங்கியைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி ஓடி, குளியலறைக்குள் புகுந்து தாழிட்டார். வெளியே அது காவல். மனைவி தேசம்மா மீன் விற்றுத் திரும்பும்வரை அவர் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார். அங்கிருந்தே தன் முடிவையும் அறிவித்தார்: ஊசி வேண்டாம், நான் போனால் போகிறேன், அது இருக்கட்டும்.

"நீ பூட்டா அதுக்கு யாருய்யா கூவுறது? நானா?" என்று கேட்டிருக்கிறாள் தேசம்மா. ஊசிகள் முடியும்வரை சாரங்கைக் கொண்டுபோய் வைத்துக்கொள்ளச் சொல்லி, மாதவரத்திலிருக்கும் தன் தம்பி வெற்றிக்குப் போன் போட்டுவிட்டாள்.

நான் இருக்கும்போதே வெற்றி மூடி போட்ட மீன் கூடையோடு வந்தான். சாரங்கு பிடி கொடுக்கவில்லை. டி.வி. மேல் ஏறியது, என் தோளில் ஏறியது, அரிசி டின்னை உருட்டியது. தேசம்மாவின் முந்தானை கிழிந்தது. வியர்த்து ஓய்ந்த வெற்றி, உள் கதவருகே போய்த் தணிந்த குரலில் கேட்டான்.

"மாமா, ஒரு தபா கூவு மாமா. நின்னுடும்."

நம்பி நிற்கிற ஜீவனை அவர் குரலாலேயே பிடித்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். தேசம்மா கதவில் நெற்றியைச் சாய்த்தாள்.

"ஊசி முடிஞ்சதும் நானே போய் இட்டாறேன்யா. அதுவரிக்கும் தீனிக்கு போன்ல கூவிக்கலாம். இப்போ கூவு."

கூவினார். இந்த முறை இருமல் முன்னால் வந்தது. சாரங்கு ஓட்டத்தை நிறுத்திக் கதவைப் பார்த்து நிமிர்ந்து நின்றது. வெற்றி அதை அள்ளிக் கூடைக்குள் போட்டு மூடினான்.

"ராவுல அது மூஞ்சில லைட்டு அடிக்காதடா மச்சான். பயந்துக்கும்" என்றது உள்ளிருந்த குரல்.

வெற்றி தலையாட்டிவிட்டுப் படியிறங்கினான். தேசம்மா வாசல் கதவைச் சாத்தித் தாழிட்டாள். அதன் பிறகே உள் கதவு திறந்தது. டில்லிபாபு மெலிந்த காலை எடுத்துவைத்துக் கூடத்துக்கு வந்தார்.

கீழே தெருவிலிருந்து சாரங்கு கூவியது. அவர் கழுத்தை நீட்டி வாயைத் திறந்தார். சட்டென்று இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டார்.