அரிப்புக்கு ஒரு மாத்திரை

தண்டையார்பேட்டையில் இருக்கும் நாய் டாக்டரம்மாவிடம் எல்லாக் கணக்கையும் ஒப்பித்துவிட்டேன். எங்கள் நாய் ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீர் மூன்றரை லிட்டர். வீட்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போவது ஐந்து முறை. வயது பன்னிரண்டு. துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் என் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் கண்ணில் படுவதை எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

டாக்டரம்மா அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தார். குடம்போல் தொங்கும் வயிறு. விலாவில் முடி கொட்டி, தோல் மெலிந்து, நரம்பு நீலமாகத் தெரிந்தது. ஹார்மோன் கோளாறு மாதிரி இருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றவர், "வேற ஏதாவது மருந்து குடுக்கறீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லை" என்றேன்.

"அரிப்பு மாத்திர குடுப்பீங்களே, டெய்லி" என்றாள் பக்கத்தில் நின்ற என் மனைவி.

நான் மறைக்க நினைக்கவில்லை. அந்த மாத்திரை என் கணக்கிலேயே வரவில்லை.

அது மனைவியின் வீசிங் மாத்திரை. ஆலைப் புகைக்கு நடுவே இருக்கும் எர்ணாவூரில், எங்கள் தெருவில் வீசிங் இல்லாத வீடு குறைவு. மூச்சு முட்டினால் டாக்டர் ஐந்து நாளைக்கு எழுதிக் கொடுப்பார். மருந்துக் கடைக்காரர் முழு அட்டையாகத் தருவார். மிச்ச மாத்திரைகளைத் தூக்கிப் போட எனக்கு மனம் வராது. நாய்க்கோ அப்போது ஓயாத சொறி. முன்பு நாயைப் பார்த்த டாக்டர், வாரம் இரண்டு முறை மருந்து ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டச் சொல்லியிருந்தார். ஒரு குளியலுக்கு மூன்று வாளி ஆகும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டில் மூன்று வாளி என்பது சின்ன விஷயமில்லை. ஒரு நாள், வேகவைத்த சங்கரா மீன் துண்டுக்குள் மிச்ச மாத்திரை ஒன்றை வைத்துக் கொடுத்தேன். மறுநாள் சொறி நின்றது. மனைவியின் மூச்சைத் திறந்துவிட்ட மாத்திரை நாயை என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். உண்மையில் அவ்வளவுகூட நினைக்கவில்லை. மூன்று வாளி மிச்சம் என்று சந்தோஷப்பட்டேன். அட்டை தீர்ந்ததும் மனைவியின் பழைய சீட்டைக் காட்டி வாங்க ஆரம்பித்தேன்.

நாயும் நன்றாகச் சாப்பிட்டுப் பெருத்தது. எதிர்வீட்டில் மீன் விற்கும் அம்மா, "இன்னா சார், சோத்துல இன்னாத்த கலக்குற? கண்ணுக்குட்டி மாரி கீது" என்பாள். நான் சிரித்துக்கொள்வேன்.

"எவ்ளோ நாளா குடுக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நாலு வருஷம் என்று மனைவிதான் சொன்னாள்.

அது ஸ்டீராய்டு, உடம்பு தானே சுரக்க வேண்டியதை மாத்திரை தினமும் அளவுக்கு மேல் கொடுத்திருக்கிறது, அதுதான் இந்த நோய் என்று அவர் விளக்கினார். எப்படிக் குறைக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்தார். இந்த மாத்திரையால்தான் என்பதற்குப் பிறகு எதுவும் என் காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் அட்டையைக் கொண்டுபோய்க் குப்பை வண்டியில் போட்டேன். மனைவியிடம் சொல்லவில்லை. தாளைத் திறந்தும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் நாய் வாந்தி எடுத்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வால் மட்டும் லேசாக அசைந்தது, கால் ஊன்றவில்லை. ஆட்டோவில் மனைவியின் மடியில் போட்டுக்கொண்டு போனோம்.

"கொறைக்கத்தானே சொன்னேன் சார்? நிறுத்தச் சொன்னேனா?" என்றார் டாக்டரம்மா, குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே. "அது உடம்பு தானா சுரக்கறத மறந்துடுச்சு. இப்போதைக்கு இந்த மாத்திரை இல்லன்னா எழுந்திருக்காது."

திரும்பி வரும்போதும் நாய் மனைவியின் மடியில்தான் கிடந்தது. எர்ணாவூர் நெருங்கும்போது, "எனுக்கு இனிமே நீங்க மாத்திர எட்த்து குடுக்க வாணாம். நானே பாத்து போட்டுக்கறேன்" என்றாள். ஆட்டோக்காரர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை.

அன்றிலிருந்து அதே மாத்திரையை நான்தான் பிளேடால் நறுக்கிக் கொடுக்கிறேன். முதலில் முழுசு, பிறகு பாதி, இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள் கால். கெடுத்த மருந்தையே கொடுத்துக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. முழுவதும் நிறுத்திய பிறகுதான் உடம்பு தானாகச் சுரக்கிறதா என்று தெரியுமாம். மாத்திரை இல்லாத நாளிலும் நாய் அதே நேரத்துக்கு வந்து என் முன்னால் உட்காருகிறது. வெறும் மீனைக் கொடுக்கிறேன். என் கையில் இருப்பது எதுவானாலும் அது முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை, வாங்கிக்கொள்கிறது.

சொறி திரும்பிவிட்டது. வாரம் இரண்டு முறை வாசலில் வைத்துக் குளிப்பாட்டுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டு அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"இன்னா சார், கொயந்த இப்டி எலும்பா பூட்சி? சோறு போட்றியா, இல்ல பென்ஷன் மொத்தம் நீயே துன்றியா? பாவம் சார், வாயில்லாத ஜீவன்."

வயிறு வற்றுவதுதான் நல்ல அடையாளம் என்று விளக்கியிருக்கலாம். அன்று அவள் பாராட்டியபோது சிரித்து வாங்கிக்கொண்டவன்தானே நான்.

"பாக்கறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மூன்றாவது வாளியைத் தூக்கினேன். நாய் உடம்பை உதறி என் மேலெல்லாம் தண்ணீர் தெறிக்கவிட்டது. போன மாதம் அப்படி உதற அதற்குத் தெம்பு இல்லை.